எந்த லேன்?

எனக்கு வாய் சும்மா இராது. எங்கே ஒரு தமிழ்க் குரல் கேட்டாலும் ஊர், பெயர் விசாரித்து, வீட்டுக்கும் அழைத்துவிட்டுத்தான் அடங்கும். அந்த வாயாலேயே கெட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு வயது மகள் ரதிக்கு முதலை காட்டுவதற்காக வெள்ளவத்தையிலிருந்து நீர்கொழும்புப் பக்கம் போய்ப் படகு ஏறினோம். நாங்கள் இருவர், படகுக்காரர் ஜவாத், வேறு யாருமில்லை. மீன்கொத்தியும் உடும்பும் பார்த்தபடி, தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கும் கண்டல் மரக்காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் மறைந்தது. அழுகிய இலை வாடை அடித்தது. பாசி சிக்கி எஞ்சின் நின்றுவிட, ஜவாத் பின்பக்கம் குனிந்து அதைப் பிடுங்கத் தொடங்கினார்.

"பிள்ளைக்கு எத்தனை வயசு?"

வேர்களுக்கு நடுவே, முழங்கால் தண்ணீரில், சேலை கட்டிய ஒரு பெண் நின்றாள். மீன் பிடிக்க வந்தவள் என்று நினைத்தேன்.

"ஆறு," என்றேன்.

"என்ர மகளுக்கும் ஆறுதான். எங்கயிருந்து வாறீங்கள்?"

"வெள்ளவத்தை."

"எந்த லேன்?"

சொன்னேன். ஃப்ளாட் இலக்கத்தையும் சொன்னேன். எஞ்சின் உறுமியது.

"போயிட்டு வாறம். அந்தப் பக்கம் வந்தா கட்டாயம் வீட்டுக்கு வாங்கோ!"

ஜவாத் நிமிர்ந்தார். "ஆரோட மிஸ் பேசின?"

கை காட்டினேன். வேர்கள் மட்டுமே இருந்தன.

அவர் முகம் வெளுத்தது. "அந்த எடத்துல ரெண்டாள் ஆழம் மிஸ். ஊட்டுக்கு வரச் சொன்னீங்களா?"

ரதியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் படகின் முன்பக்கம் தாழ்ந்தே இருந்தது. அங்கே யாரும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைப் பூட்டிக் கொளுக்கியும் போட்டேன். பட்டப்பகல். காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ் ஹோர்ன் கேட்டது. பயம் மெல்லத் தணிய, குசினிக்குள் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

"அம்மா, நான் போறன்," என்றாள் ரதி முன்னறையிலிருந்து.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். வாய் பழக்கத்தில் திருத்தியது. "போறன் எண்டு சொல்லக்கூடாது. போயிட்டு வாறன் எண்டு சொல்லு."



அழுகிய இலை வாடை வந்தது.

ஓடினேன். கதவு விரியத் திறந்திருந்தது. யாரோ பிடித்திருப்பதுபோல் வலது கையை உயர்த்தியபடி ரதி வாசலில் நின்றாள். பாய்ந்து இழுத்து அணைத்துக்கொண்டேன். அந்தக் கை சில்லென்றிருந்தது, விரல்களில் சேறு.

ஈரக் காலடித் தடங்கள் வாசலிலிருந்து உள்ளே வந்திருந்தன.

வெளியே போனவை இல்லை.

"ஏன் பிள்ளை போறன் எண்டு சொன்னனி?"

ரதி என் தோளுக்கு மேலால் பார்த்துச் சிரித்தாள்.

"அன்ரிதான் சொன்னவ. வாறன் எண்டு சொல்லத் தேவையில்லையாம்."