வராத பதினொரு வள்ளங்கள்

மத்தியானம் மூணு மணிக்கு ஆபீஸுக்குள் அழுகின மீன் வாடை. லிஜா அலமாரி, மேசைக்கு அடி, பின்பக்கச் சாக்கடை எல்லாம் பார்த்துவிட்டாள். ஒரு மண்ணும் இல்லை. பத்து நிமிஷம் முன்னால்தான் வள்ளக்காரர் சங்கத்தின் பழைய கருப்புத்திரைக் கம்ப்யூட்டர் பதிவுகளை, சாப்ட்வேர் பையன் விபின் செய்துகொடுத்த புதுத் திரையில் ஏற்றி முடித்திருந்தாள். இதில் கடலுக்குப் போகும் வள்ளம் ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

பழசில் பதினொரு வள்ளங்கள் எட்டு வருஷமாக ‘போனது’ என்றே கிடந்தன. புயலில் போனவை, ஒரு உடல்கூட ஒதுங்கவில்லை. முன்பிருந்த கிளார்க் சிலுவைதாசன் அவற்றைத் தொடவே விட்டதில்லை.

"கடலுக்குப் போனவன் கரையில கால் வைக்காம, வந்தான்னு எழுதப்பிடாது மக்களே. அது கூப்பிடுகது மாதிரி."

எட்டு வருஷமாகத் திரும்பாத அந்தப் பதினொன்றையும் புதுசு ஏற்க மறுத்தது. விபினோ போனில் சிரித்தான்: "சும்மா ‘வந்தது’ன்னு அமுக்குங்க அக்கா, ஏறிரும்."

அமுக்கினாள். ஏறிவிட்டது.

இப்போது வரைபடத்தின் ஓரத்திலிருந்து பதினொரு புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் கரையை நோக்கி நகர, வெளியே மழைக்குள் பழைய எஞ்சின்கள் இருமி இருமி அடங்க, அந்த வாடை அறை முழுக்க நிறைந்தது. மாதாவே, என்ன காரியம் செய்தேன்!

போன் அடித்தது. புருஷன் டெனிஷ். கடலுக்குப் போய்ப் பத்து நாள்.

"ஏட்டி, துறைமுக வாய்க்கு வந்தாச்சு. எங்க வள்ளத்தை வந்ததுன்னு போடு."

உயிர் வந்தது. போட்டாள்.

"பொறவு... எங்க பின்னால வாறது யாரு வள்ளம்? ஆளெல்லாம் நிக்கான். ஒருத்தனும் பேசல்ல." அவன் குரல் உடைந்தது. "முன்னால நிக்கது எங்க அண்ணன் மாதிரி இருக்குட்டி. புயல்ல போன அண்ணன்."

திருப்பி அனுப்பணும். உடனே. பழசில் என்றால் ஒவ்வொரு வள்ளத்தின் பேராக அடிக்கணும். இதில் மேலே ஒரே கட்டம்: ‘இன்று வந்தவை எல்லாம்’. தொட்டாள். ‘போனது’. அமுக்கினாள்.

புள்ளிகள் நின்றன. திரும்பின.

எண்ணினாள். பன்னிரண்டு.

"லிஜா! வள்ளம் தானா திரும்புது! நான் திருப்பல்ல!"

‘வந்தது’. அமுக்கினாள். அசையவில்லை. மறுபடி. மறுபடி.

ஜன்னலுக்கு ஓடினாள். மழைக்குள் பன்னிரண்டு வள்ளங்கள் வரிசையாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. பதினொன்றில் ஆட்கள் கரைக்கு முதுகு காட்டி நின்றார்கள். கடைசி வள்ளத்தில் டெனிஷ் மட்டும் கரையைப் பார்த்து இரண்டு கைகளையும் வீசினான்.

அவன் பின்னால், அவன் அண்ணன் சாடையில் ஒருவன் எழுந்துவந்து தோளில் கை வைத்தான். டெனிஷின் கைகள் தாழ்ந்தன. மெல்லத் திரும்பி, அவனும் கடலைப் பார்த்து நின்றுகொண்டான்.