வலிக்காப்பு

அமலியின் தோளில் ஊசி இறங்கியபோது பல்லைக் கடித்தது அவள் கணவர் ராயன்தான். அவர் மணிக்கட்டில் வலிக்காப்பு பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

தூத்துக்குடியின் வலி சிகிச்சை நிலையங்கள் எல்லாவற்றிலும் அந்தக் காப்பு வந்துவிட்டிருந்தது. அங்கே போடுவது உலர்ஊசி; அதில் மருந்து கிடையாது. தசையில் இறுகிக் கிடக்கும் முடிச்சை அது தொட்டதும் தசை ஒருமுறை துடித்துத் தளரும். அப்போது எழும் வலியில் பாதியை, ஊசியோடு இணைந்த காப்பு, அதை அணிந்தவருக்குக் கடத்திவிடும். வேண்டியவர் ஒருவர் பங்குபோட்டுக்கொண்டால் நோயாளி எளிதாகத் தாங்குவார் என்று நினைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அமலி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். கரையில் ஓர் அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே கப்பலிலிருந்து கண்டெய்னர்களை இறக்குவாள். இப்போது வலது கையைத் தூக்கித் தலைவாரக்கூட முடியவில்லை. முடிச்சு தளராவிட்டால் அந்த வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று சிகிச்சையாளர் நஸ்ரின் சொல்லியிருந்தாள்.

ராயன் ஒவ்வொரு வாரமும் பேக்கரி வேலையை முடித்துக்கொண்டு மாவு வாசனையோடு வந்து உட்கார்ந்தார். ஊசி சரியான இடத்தில்தான் இறங்கியது. ஆனாலும் முடிச்சு அப்படியே இருந்தது. நஸ்ரினுக்குக் காரணம் பிடிபடவில்லை.

ஒரு வாரம் அமலி வரவில்லை. நஸ்ரின் அழைத்துக் கேட்டதற்கு முதலில் வேலை அதிகம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வாரம் அவுக கண்ணுல தண்ணி நின்னுச்சு, மேடம். வலி அவுகளுக்குப் போயிரக் கூடாதுன்னு தோளை இறுக்கி இறுக்கிப் பாக்கேன். நிக்க மாட்டேங்கு. என் தோளுக்காக அவுகளைப் போட்டு வதைக்கணுமா?"

நஸ்ரினுக்கு அப்போதுதான் விளங்கியது. தளர வேண்டிய தசையை அவளே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்ட மற்றவர்களும் நினைவுக்கு வந்தார்கள். எல்லோருமே பிரியமானவர்களைக் கூட்டி வந்தவர்கள். தனியாக வந்து, நிலையத்து ஊழியர் கையில் காப்பை மாட்டிவிட்டவர்களெல்லாம் குணமாகிப் போயிருந்தார்கள்.

இருவரையும் மறுபடி வரச்சொன்னாள். ராயன் வழக்கம்போல் கையை நீட்டினார். இன்றைக்குக் காப்பு வேண்டாம் என்றாள் நஸ்ரின்.

"அப்ப அவ மட்டும் தாங்கணுமா?" அவர் குரலில் கோபம் இருந்தது.

"ஆமா, அண்ணாச்சி. நீங்க பக்கத்துல மட்டும் இருங்க."

ஊசி இறங்கியது. "யம்மா" என்று அமலி வாய்விட்டு அலறினாள். அத்தனை வாரங்களில் அதுதான் முதல்முறை. தசை துள்ளியது. நஸ்ரினின் விரலுக்கடியில் அந்த முடிச்சு மெல்ல இளகியது.

வெறும் மணிக்கட்டோடு ராயன் தவித்துப்போனார். உள்ளே என்ன நடக்கிறதென்று அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ரொம்ப வலிக்கா, அமலி?"

வலிக்காப்பு வந்ததிலிருந்து அந்த அறையில் யாரும் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை. நஸ்ரின் ஊசியை அசைக்காமல் காத்திருந்தாள்.

அமலி அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க, ரொம்ப வலிக்கு" என்றாள். சொன்னதும் அவளுக்கு அழுகை வந்தது. அவள் அதை அடக்கவில்லை.