எதைக் கேட்டுச் சுரந்தது

கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்த சிவரூபி, சட்டையின் இடப்பக்கம் ஈரமாக ஒட்டியதை முதலில் வேர்வை என்றுதான் நினைத்தாள். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். இளஞ்சூடாக, லேசாகப் புளித்து, அவள் மறக்கப் பாடுபட்ட மணம். பால். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினாறு வருடமாக மடியில் பிள்ளை இல்லை.

அன்றிலிருந்து தர்மபுரத்து வெயிலிலும் மார்பை இறுக்கித் துண்டு கட்டி, மேலே சால்வை போட்டுக்கொண்டாள். கணவன் விஜிதரன் காரணம் கேட்டபோது குளிர்காய்ச்சல் என்றாள்.

மூன்றாவது வாரம் தனியாகப் பஸ் ஏறி கிளினிக்குக்குப் போனாள்.

"ஸ்கானில கட்டி ஒண்டும் இல்லை அக்கா," என்றாள் இளம் டொக்டர். "மூளையின்ர அடியில சில நரம்புக் கலங்கள் இருக்கு. கைப்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் அதுகள் துடிக்கும். துடிக்கத் துடிக்க, கலத்துக்குள்ள ஓமோன் செய்யிற மரபணு முழிச்சு வேலை செய்யும். அந்த ஓமோன்தான் பாலை இறக்கும். வீட்டில கைப்பிள்ளை இருக்கோ?"

"இல்லை டொக்டர்."

"பக்கத்து வீட்டில?"

"இல்லை."

"அப்ப உங்கட மூளை எதைக் கேக்குது?"

சிவரூபி தலை குனிந்துகொண்டாள். ஒவ்வொரு முறையும் பால் இறங்குமுன் வயலுக்கு அப்பாலிருந்து மெல்லிய அழுகை ஒன்று வருவதை அவள் சொல்லவில்லை. அது யாருடைய அழுகை என்பதையும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது, போரின் கடைசி மாதங்கள். முல்லைத்தீவுக் கரையோரப் பதுங்குகுழி. அவளுடைய பிள்ளை செத்து நாலு நாள். மார்பு கல்லாய்க் கனத்தது. எதிர்மூலையில், செத்துக் கிடந்த தாயின் பக்கத்தில், முகம் தெரியாத ஒரு குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. பால் கொடுத்தால் பிறகு அதையும் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். அவள் திரும்பி உட்கார்ந்து, பாலை மணலில் பீய்ச்சினாள். பின்னேரம் எழுந்து ஓடினாள். தனியாக.

விஜிதரனைக் கலியாணம் செய்தது அதற்குப் பிறகு. அந்தக் குழந்தையைப் பற்றி அவனுக்குத் தெரியாது.

வீடு வந்ததும், குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சால்வையையும் துண்டையும் அவிழ்த்து நனைந்த சட்டையைக் காட்டினாள். முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவன் காலைப் பார்த்தே பேசினாள்.

"நான் குடுத்திருக்கலாம். மண்ணில ஊத்தினனான். அது என்னைப் பாத்துக்கொண்டே கிடந்தது."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. விஜிதரன் மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"ரூபி... ஆரின்ர பிள்ளை அழுகுது?"

இதுவரை அந்த அழுகை அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

வயலில் இல்லை. முற்றத்தில். விறாந்தையில். உள்ளறையில். அழுகை தவழ்ந்து வருவதுபோல நிலத்தோடு நிலமாக வந்தது. ஈரமண் மணம். குசினி வாசல்.

நின்றது.

அவளுடைய கைகள் தாமாகவே மடங்கின. ஒரு பாரம் ஏறியது. சின்னப் பாரம். குளிர்ந்தது.

"ரூபி, கையை விடு!"

விடமுடியவில்லை.

மார்பு இழுபட்டது. பசியோடு. பால் சட்டையை மீறி வழிந்தது. ஒரு சொட்டும் நிலத்தில் விழவில்லை.

விஜிதரனின் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. ஒன்றுமில்லாத வெறும் காற்றுக்கு அடியில், சட்டைக்கு மேலே தெரிந்த அவன் மனைவியின் மார்புத் தோலில், மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்து குட்டி விரல்கள் அழுந்தின.