குடத்தடி வளையம்

குடத்தின் நெளிவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் சாய்ரா அஸர் தொழப் போனாள். தொழுது முடித்துப் பார்த்தபோது நெளிவு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. குடத்துக்கடியில் பிரிமனைக்குப் பதில், குழாய் முனைகளைப் பூட்டுகிற இரும்பு வளையம், ஃபிளாஞ்ச். பம்பாய்க் கடலடியில் எண்ணெய்க் குழாய் பூட்டுகிற அவள் கணவன் ஜாசிம், கழித்துப்போட்டதென்று போன லீவில் உத்திரமேரூர் வரை தூக்கி வந்தது. ரயிலில் அதற்கும் டிக்கெட் எடுத்ததாகச் சத்தியம் செய்தான். நடுப்பாகம் அசையாது, ஓட்டைகள் உள்ள வெளிவளையம் மட்டும் சுற்றும்.

"கடலுக்கடியில கண்ணு தெரியாது, தடவித்தான் பாக்கணும்," என்று விளக்கியிருந்தான். "ஓட்டைக்கு ஓட்டை நேரா வர்ற வரைக்கும் வளையத்தச் சுத்திக்கினே இருப்போம். வந்ததும் மேல கீறவன் ஒரு போல்ட்ட எறக்குவான். அப்பால கீய கீறவன் நட்டப் போட்டு முடுக்கிடுவான், உடமாட்டான்."

அவன் முங்கி, ஒரு மழைக்காலமே போய்விட்டது. மய்யித்து கிடைக்கவில்லை. இன்று அந்தி மக்ரிபுக்குப் பிறகு சாய்ரா, புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தா உட்கார வேண்டும் என்று மாமியார் உம்முல் குல்சும் சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால், அவன் இல்லையென்று இவளே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"வருவாரு மாமி."

"எதுல? மானாம்பதி பஸ்ஸுலயா?" என்ற மாமியாரின் குரல்தான் உடைந்தது. வெள்ளைப் புடவை எடுக்க உள்ளே போனாள்.

கரண்ட் போனது. அடுப்படி இருட்டில், மாவரைப்பதுபோல, இரும்பு இரும்பை உரசும் சத்தம். உத்திரமேரூருக்கும் கடலுக்கும் நடுவே எத்தனையோ ஊர் கிடக்கிறது. கடலுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலும், தரையெல்லாம் உப்புவாடை. சாய்ரா குடத்தை இறக்கினாள். வளையம் தானே சுற்றியது. நின்றது. கொஞ்சம் பின்னால் சுற்றியது. யாரோ தடவித் தேடுவதுபோல.

பயந்தாள். வெள்ளைப் புடவைக்கு இன்னும் அதிகமாக.

ஃபிளாஞ்சோடு ஜாசிம் கொண்டுவந்திருந்த போல்ட்டை எடுத்து ஓட்டையில் விட்டாள். அடியில் சிமெண்ட் தரை. முட்டவில்லை. முழுசாக இறங்கியது.

அமைதி.

பிறகு, கீழேயிருந்து, நட்டு முடுக்கும் சத்தம்.

தண்ணீர் ஊறியது. பக்கத்து ஓட்டையில் ஒரு விரல். ஊறிச் சுருங்கியது. சாய்ரா பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது.

"வந்துட்டீங்களா?"

அடுத்த ஓட்டையிலும் ஒரு விரல். அதற்கடுத்ததிலும். தடித்தது. மெலிந்தது. நகமில்லாதது. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுடையது.

இருட்டில், எது ஜாசிமுடையதென்று, சாய்ரா ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள்.