பின் இடது சக்கரம்

டயரில் காற்று குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கு, காற்று நிறைந்திருந்தும் எரிந்துகொண்டிருந்தது.

மந்தைவெளி பஞ்சர் கடையில் நாகராஜ் நான்கு சக்கரங்களுக்கும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"காத்து கரெக்டா கீது சார். உங்க வண்டிதான் பொய் சொல்லுது. ரீசெட் பட்டனை அமுக்குங்க, வாய மூடிக்கும்."

"வேண்டாம்," என்றான் ஸ்ரீவத்சன்.

"இன்னா சார், லைட்டு எரியணும்னு வேண்டுதலா?"

வண்டி பொய் சொல்லவில்லை. அது காற்றை அளப்பதில்லை. சக்கரங்கள் சுற்றும் விதத்தைத்தான் கவனிக்கும். ரீசெட் செய்யும்போது வண்டியில் எந்தப் பாரம் இருக்கிறதோ, அதையே சரியென்று பதித்துக்கொள்ளும். போன மழைக்காலத்தில் மனைவி ஹம்சினியைப் பின் சீட்டில் இடது கதவோரம் சாய்த்து மருத்துவமனைக்கு விரைந்தபோது விளக்கு எரிந்தது. எரிச்சலில் ரீசெட்டை அழுத்தினான். வண்டி அவள் பாரத்தைக் கற்றுக்கொண்டது. அடையாறு பாலத்தின் மேல் அவள் மூச்சு நின்றது. அன்றிலிருந்து, சீட் காலியாக இருந்தால் விளக்கு எரிகிறது.

காரைக் கிளப்பும்போது மாமியார் ஜெயலக்ஷ்மி போனில் கூப்பிட்டாள்.

"அந்த வண்டியை வித்துடுங்கோ மாப்ளே. எத்தனை நாள் இப்படியே இருக்கப்போறேள்?"

"விக்க மாட்டேன்."

"அவளே வந்து சொன்னாத்தான் கேப்பேளா?"

போனை வைத்தான். எல்லோரும் ஆளுக்கொரு ரீசெட் பட்டனோடு வருகிறார்கள். அவள் இல்லாதது சரியல்ல என்று சொல்ல இந்த விளக்கு ஒன்றுதான் மிச்சம். எரியட்டும்.

பகலிலேயே மழை இருட்டியிருந்தது. பாலத்தில் ஏறியபோது, மூடிய கண்ணாடிகளைத் தாண்டி ஆற்றுச் சேற்றின் நாற்றம் உள்ளே வந்தது; அதற்கடியில் தைலமும், காய்ச்சல்காரர் போர்த்திய ஈரப் போர்வையும் கலந்த இன்னொரு வாசனை; வைப்பரின் தேய்ப்புக்கு நடுவே, பின்னால் யாரோ வசதியாகச் சாய்ந்துகொள்வதுபோல் சீட் உறை மெல்ல இழுபடும் ஓசை.

விளக்கு அணைந்தது.

ஸ்டியரிங் இடப்பக்கம் லேசாக இழுத்தது. அதிகமில்லை. கடைசி நாட்களில் அவளுக்கு இருந்த எடை அவ்வளவுதான்.

பாலம் இறங்கும் சரிவில் சிவப்பு சிக்னல். பிரேக்கை மிதித்து நிறுத்தினான். குறுக்கே பேருந்துகள் பாய்ந்தன. கழுத்தின் பின்னால் குளிர். திரும்பாதே என்றது உடம்பு. அவன் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்து நேராகப் பார்த்தான்.

யாரும் இல்லை. இடது ஓரத்தில் மெத்தை அமுங்கியிருந்தது. தலை சாய்த்த இடத்தில் ஒரு குழி. அதில் ஈரம் படிந்திருந்தது.

"ஹம்சினி."

அவன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"உன்னோட கூட்டிண்டு போகத்தான் வந்தியா? நான் வரமாட்டேன். நீ இல்லேன்னு ஒத்துக்கவும் மாட்டேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்கோ."

குழி மெல்ல மேலெழுந்தது. மெத்தை சமமானது.

விளக்கு மறுபடி எரிந்தது.

மூச்சு விட்டான். சிக்னல் இன்னும் சிவப்பு.

அப்போது, பிரேக்கை அழுத்தியிருந்த அவன் பாதத்தைச் சில்லென்ற விரல்கள் பற்றின. இன்னும் ஓங்கி மிதித்தான். பிடி தளரவில்லை. பொறுமையாக, ஒரு குழந்தையின் செருப்பைக் கழற்றுவதுபோல், அவை அவன் காலைப் பெடலிலிருந்து தூக்கத் தொடங்கின.