இறங்காத சார்ஜ்

கரண்ட் போனபோது போனில் நாற்பத்தொரு சதவீதம் சார்ஜ் இருந்தது. மார்பெலிஸ் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அதை மகளின் படுக்கையோரம் வைத்தாள். கொல்லையில் கரி அடுப்பை மூட்டி, புகையில் கண் எரிய எரிய ஊதி, கறுப்பு பீன்ஸை ஏற்றிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் நாற்பத்தாறு. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாற்பத்தாறேதான். ஒயர் எதுவும் செருகியிருக்கவில்லை. செருகியிருந்தாலும் என்ன பிரயோஜனம்? தெரு முழுக்க ஃபேன் நின்று, பக்கத்து வீட்டு ரேடியோவும் நின்று, கொசுவின் ரீங்காரம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

மன்சானியோவில் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கரண்ட் வந்தால் அதிகம். கம்பியே இல்லாமல் ஏறுகிற போனை இந்த ஊரில் எவள் கண்டாள்? ஆனாலும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். முட்டையோ சோப்போ திடீரென்று கைக்கு வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் வருவதும் நின்றுவிடும். அந்த ஐந்து சதவீதத்தையும் அவள் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அது பெரிய விஷயம். கணவன் எலியேசர் பிழைப்புத் தேடி வடக்கே வேறு நாட்டின் எல்லையை நோக்கி நடந்துகொண்டிருந்தான். பதின்மூன்று நாளுக்கு முன்பு யாரோ ஒருவரின் போனிலிருந்து பேசியதுதான் கடைசி. "என் போன் ஆத்துல போச்சு. இனிமே எல்லை தாண்டினப்புறந்தான் பேசுவேன். யார்கிட்டயாவது வாங்கி ஒரே ஒரு தடவை கூப்பிடுவேன், அதுக்கப்புறம் எங்க கொண்டுபோய் அடைப்பாங்களோ, எத்தனை மாசமோ. உன் போன் மட்டும் அணைஞ்சு கெடந்துதுன்னா நான் இருக்கேனா செத்தேனான்னே உனக்குத் தெரியாது, கேட்டியா?" என்றான். அன்றிலிருந்து அவள் சாப்பிட மறந்திருக்கிறாள், தலைவார மறந்திருக்கிறாள், சதவீதத்தைப் பார்க்க மட்டும் மறந்ததில்லை.

அவளுடைய பழைய பேட்டரி உப்பிப்போய்த் திரையைத் தூக்கிவிட்டதால், மூன்று வாரத்துக்கு முன்பு தெருக்கோடி ஆர்சேனியோ வேறொன்று மாட்டிக்கொடுத்திருந்தார். போன் ரிப்பேர்க்காரர். வாய் சும்மா இருக்காது.

"எங்க கெடச்சுது?" என்று அவள் கேட்டதற்கு, "மாப்பிள்ளையா பாக்குற, குலம் கோத்திரம் விசாரிக்க? நல்லா நிக்குது, கம்முனு எடுத்துட்டுப் போ" என்றார். கூடவே உபதேசம் வேறு. "இருபதுக்குக் கீழ விடாத. எண்பதுக்கு மேல ஏத்தாத. சூடா இருக்கும்போது செருகாத."

"நாலு மணி நேரம் கரண்ட் வர்ற ஊர்ல எண்பதுல நிறுத்தச் சொல்றீங்களே, உங்களுக்கே சிரிப்பு வரல?"

"வருது. இருந்தாலும் சொல்லணும்ல? முக்கியமா ஒண்ணு கேட்டுக்கோ. சிக்னல் இல்லாத எடத்துல வச்சா, அது தேடித் தேடியே செத்துரும். நல்லா கெடைக்கிற எடத்துல வை."

அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். முன்னறை ஜன்னலுக்குக் கீழே, ஏழு வயது மாய்லென் படுக்கும் கட்டிலில். மகளின் தோளுக்கும் சுவருக்கும் நடுவே போனை வைப்பது அப்படித்தான் வழக்கமானது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் ஐம்பத்திரண்டு அறுபதானது. இன்னொரு நாள் அறுபத்தேழு எழுபத்தெட்டானது. ஆறாம் நாள் போனை எடுத்துக்கொண்டு போய் ஆர்சேனியோவின் மேசையில் வைத்தாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பேட்டரி ஏறுதுன்னு புகார் குடுக்க வந்த மொத ஆளு நீதாம்மா! இந்தத் தெருவுல வெளிய சொல்லிடாத, அடிச்சுப் புடுங்கிட்டுப் போயிருவாங்க." வெயில் சூட்டில் பேட்டரி கணக்குத் தப்பிக் காட்டும், பழைய சரக்கு அல்லவா என்று விளக்கமும் சொன்னார். சொல்லிக்கொண்டே சார்ஜ் கணக்குப் பக்கத்தைத் திறந்து, கோடு ஏறி இறங்கியதைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஏறுற நேரமெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. மத்தியானம் ஒண்ணுலேர்ந்து மூணு. ராத்திரி ஒம்பதுலேர்ந்து காலைல ஆறு. மத்த நேரமெல்லாம் சரியாத்தான் எறங்குது." நிமிர்ந்து பார்த்தார். "அந்த நேரத்துல இத என்னம்மா பண்ற நீ?"

"ஒண்ணும் பண்ணலியே. சும்மாதான் கெடக்கும்."

பாதித் தெரு தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவையெல்லாம் மாய்லென் தூங்குகிற நேரங்கள்.

பிள்ளைக்கு நாலு நாளாக உடம்பு சரியில்லை. கொசுக் காய்ச்சல், தண்ணீர் நிறையக் கொடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் உடம்பு சுடவில்லையே என்று மார்பெலிஸ் இப்போதுதான் யோசித்தாள். ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்தில், தகரக் கூரை அனலாகத் தகிக்கும் மத்தியான வேளையில், மகளின் பாதத்தைத் தொட்டால் சில்லென்றிருந்தது. அறையில் கரிப்புகையும் கடல் உப்பும் கலந்த வாடை. அதற்கு அடியில் புதிதாக இன்னொரு வாடையும், தேய்ந்த இரும்பை நக்கினாற்போல் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அவள் போனை மகளின் தோளோரம் வைத்துவிட்டு, கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தாள். கூரைத் தகரம் சூட்டில் டக் டக்கென்று சத்தமிட்டது. எங்கோ ஒரு குதிரைவண்டி மெதுவாகப் போயிற்று. மாய்லென் மூச்சை இழுத்தாள், விட்டாள். இழுத்தது கொஞ்சம், விட்டது நீளம். அந்த நீள மூச்சு முடிகிற இடத்தில், அறுபத்திரண்டு அறுபத்திமூன்றானது.

அடுத்த மூச்சு. அதற்கடுத்தது. அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாவது மூச்சு முடிகையில் அறுபத்திநாலு.

அவள் போனைப் பறித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். தன் உள்ளங்கையில் வைத்து இறுக்கினாள், மார்போடு அணைத்துக்கொண்டாள், வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னாள். எண் இறங்கியது. அதற்கு அவள் வேண்டாம் போலிருக்கிறது.

இரண்டு நாள் போன் சமையலறை அலமாரியிலேயே கிடந்தது. மணிக்கொருதரம் ஜன்னலுக்குக் கொண்டுவந்து, தவறிய அழைப்பு ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு மறுபடி கொண்டுபோய் வைப்பாள். மாய்லென் எழுந்து உட்கார்ந்தாள், பீன்ஸும் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் என்றாள். மார்பெலிஸுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த சந்தோஷத்தின் நடுவில்தான் கரண்ட் வந்தது. ஓடிப்போய் ஒயரைச் செருகினாள். மின்னல் குறி எரிந்தது. ஒரு மணி நேரம் எரிந்தது, இரண்டு மணி நேரம் எரிந்தது. பத்தொன்பது சதவீதம் பத்தொன்பதாகவே நின்றது. ஒயரை உருவினாள். இறங்க ஆரம்பித்தது.

"கழட்டிடறேன்" என்றார் ஆர்சேனியோ. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. போனைத் தொடக்கூட இல்லை, துணியால் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். "ஆனா மாத்தறதுக்கு வேற பேட்டரி இல்ல. வர பத்து நாள் ஆகும்."

"சிம்மை எடுத்து வேற போன்ல போட்டா?"

"எவன் தருவான்? தெருவுல எல்லாரும் யாராவது கூப்பிடுவாங்கன்னுதான் போனைக் கட்டிக்கிட்டு அழறாங்க. எனக்கிருந்ததையும் போன மாசம் வித்துட்டேன்."

அவள் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "அவர் ஒரே ஒரு தடவை பேசிடட்டும். அடுத்த நிமிஷம் நானே கொண்டாந்து தர்றேன், உடைச்சே போடுங்க."

"பாப்பா பக்கத்துல வைக்காத" என்றார் அவர். அவள் அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவும் பயமாக இருந்தது. கேட்காமலே வந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் போன் இரண்டு சதவீதத்துக்கு வந்தது. மாய்லென் தூங்கிக்கொண்டிருந்தாள், கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது. இதை எந்தத் தாயும் செய்ய மாட்டாள், ஆனால் மார்பெலிஸ் செய்தாள். ஐந்து வரைக்கும்தான், ஐந்து வந்ததும் எடுத்துவிடுவேன் என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டு, மகளின் விரல்களைப் பிரித்து, போனை உள்ளங்கையில் வைத்தாள். இந்தத் தடவை அது மூச்சுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று, நாலு, ஐந்து, ஆறு. இழுத்தாள், வரவில்லை. ஏழு. எட்டு. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் ஒன்பதில் பிரிந்து வந்தது. மகளின் நகக்கண்கள் நீலமாகியிருந்தன. மார்பெலிஸ் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

அன்றே மகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னறையில் பாய் போட்டுப் படுக்கவைத்து, கதவைச் சாத்தினாள். முன்னறையில், காலியான கட்டிலில், போனோடு தான் மட்டும் உட்கார்ந்தாள். திரை வெளிச்சத்தைக் குறைத்தாள், இருக்கிற எல்லாவற்றையும் அணைத்தாள். ஏழு. ஐந்து. மூன்று. இது செத்தால் சாகட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அவர் செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல் எப்படி வாழ்வாய் என்று இன்னொன்று கேட்டது. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவிளக்கு இல்லாத தெருவில் ஆட்கள் நிழலாக நடந்தார்கள். கரிப்புகை ஜன்னல் வழியே வந்தது. இரும்பு வாடையும்.

இரண்டு.

போன் அடித்தது.

தெரியாத எண், வீடியோ அழைப்பு. அவசரத்தில் முதல்முறை எடுக்க வரவில்லை. திரையில் தாடியும் வெயிலில் உரிந்த மூக்குமாக எலியேசர். பின்னால் வெள்ளைச் சுவர், பளிச்சென்ற குழல் விளக்கு.

"தாண்டிட்டேன்! மார்பெலிஸ், தாண்டிட்டேன்டி! உசுரோட இருக்கேன்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "சார்ஜ் இல்லங்க. சட்டுனு சொல்லுங்க. எங்க இருக்கீங்க? அடிகிடி பட்டுதா?"

"ஒண்ணும் இல்ல, காலு மட்டும் புண்ணு. பாப்பா எங்க? பாப்பாவக் காட்டு."

"தூங்குறா."

"எழுப்பு. ஒரு நிமிஷம். அந்த மூஞ்சிய நெனச்சுக்கிட்டுத்தான்டி இவ்வளவு தூரம் நடந்தேன்."

"வேணாங்க. சொன்னா கேளுங்க. அவள வேணாம்."

"என்னடி ஆச்சு அவளுக்கு?" அவன் குரல் உயர்ந்தது. "மாய்லென்! மாய்லெனு! அப்பா வந்திருக்கேன் பாரு!"

ஒன்று.

பின்னறைக் கதவு கிறீச்சிட்டது.

மார்பெலிஸ் திரும்புவதற்குள் பிள்ளை சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துவிட்டாள். வெறுங்கால். கண் நிறையச் சிரிப்பு. "அப்பாவா? அம்மா, அப்பாவா?"

"கிட்ட வராத! அங்கயே நில்லு!"

ஏழு வயதுப் பிள்ளை. அப்பாவின் குரலைக் கேட்டு மூன்று வாரமாகிறது. பாய்ந்து வந்து இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா!"

"என் தங்கமே! இளைச்சுட்டியேடி!"

பத்து. பதினாறு. மார்பெலிஸ் மகளின் விரலைப் பிரித்தாள். பிரியவில்லை. முப்பது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஐம்பத்தைந்து. போனைக் கட்டில் சட்டத்தில் மோதினாள். கண்ணாடி கீறவில்லை. "விடு மாய்லென், விடும்மா." எழுபது. விரல்கள் சில்லிட்டுவிட்டன. எண்பது. எண்பத்தெட்டு. "அணைங்க! நீங்க அந்தப் பக்கம் அணைங்க!"

"ஏன் கத்துற? இப்பத்தானே பேச ஆரம்பிச்சேன்?"

தொண்ணூற்றேழு.

நூறு.

திரை பிரகாசமாக எரிந்தது. அவ்வளவு வெளிச்சத்தை அந்த அறை ஒரு மாசமாகப் பார்த்ததில்லை. அந்த வெளிச்சத்தில் மாய்லென் இரண்டு கையாலும் போனைப் பிடித்தபடி, வாய் திறந்து சிரித்தபடி நின்றாள்.

"மார்பெலிஸ், படம் நின்னுபோச்சு பாரு" என்றான் எலியேசர். அங்கே தன் திரையை விரலால் தட்டினான். இன்னொருதரம் தட்டினான். "உன் சத்தம் கேக்குது, இவ மட்டும் அசையவே மாட்டேங்குறா. மாய்லெனு? அப்பாவப் பாத்து ஒருதரம் கண்ணச் சிமிட்டும்மா."