ஒரு நாளைக்கு ஐம்பது தலை

செவ்வாய்க் கிரகத்தின் கிழக்குக் குடியிருப்புக் கூண்டில் பொழுது விடிந்தால், பல் துலக்குவதற்கு முன்பே மண்டைக்குள் ரோஜா பூக்கும். பூவுக்குக் கீழே ஒரு பொன்மொழி, பக்கத்தில் ஜோடிப் புறா. அனுப்பியவர் அடுத்த வீட்டுக்காரராகத்தான் இருப்பார். நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அது வேறு விஷயம்.

இந்த மண்டைமடல் வந்த புதிதில் ஆளாளுக்கு ஊர் முழுவதற்கும் பூ அனுப்பினார்கள். காதோரம் பதித்த சில்லு சூடேறிப் பலருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அப்புறம்தான் தலைவரம்புச் சட்டம் போட்டார்கள்: ஒருவர் ஒரு நாளில் ஐம்பது தலைகளுக்கு மேல் எதையும் அனுப்ப முடியாது. அதைத் தாண்டினால் மறுநாள் விடியும்வரை சில்லு வாயை மூடிக்கொள்ளும்.

நம்மவர்கள் விடுவார்களா? ஊர்க் குழுவைக் கூறு போட்டு, முதல் ஐம்பதுக்குக் கணவன், அடுத்த ஐம்பதுக்கு மனைவி, மிச்சத்துக்குக் கல்லூரி போகும் மகள் என்று பங்கிட்டுக்கொண்டார்கள். பதில் போடும் சிரமம் வேறு எதற்கு? என்ன மடல் வந்தாலும் படிக்காமலே, அதைப் பெற்ற அத்தனை பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடும்படி சில்லைப் பழக்கி வைத்தார்கள். மரியாதை தெரிந்த ஜனம்!

பூங்கோதை இரண்டு கூண்டுகளுக்கும் காற்றுப் பொறியாளர். மேற்குக் கூண்டில் இருந்த அவளுடைய நிலையத்தில் அன்று காலை திரையைப் பார்த்தாள். கிழக்குக் கூண்டின் கூரையில் விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. மதியம்வரைகூடத் தாங்காது. உள்ளே முந்நூறு பேர், அவர்களில் அவள் கணவன் மணிமொழியனும் ஒருவன்.

அபாயச் சங்கை ஊதலாமென்றால், தூக்கம் கெடுகிறது என்று குடியிருப்போர் சங்கம் அதை எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டது. "அதான் குழு இருக்கே" என்றார்கள்.

கணவனையும் சேர்த்து ஐம்பது பேருக்கு அனுப்பினாள்: "கூரை உடையப்போகிறது. உடனே மேற்குக் கூண்டுக்கு ஓடி வாருங்கள். ஆளுக்கு ஐம்பது பேரிடம் சொல்லுங்கள்."

அடுத்த நொடி ஐம்பது கும்பிடுகள் வந்து விழுந்தன. ஒவ்வொரு கும்பிடும் மற்ற எல்லோருக்கும் போனதில், அந்த ஐம்பது பேரின் அன்றைய வரம்பும் தீர்ந்தது. முதலில் வந்த கும்பிடு மணிமொழியனுடையது.

இணைப்புப் பாதை வழியே மூச்சிரைக்க ஓடினாள். முதல் கதவைத் தட்டினாள்.

"எதுவா இருந்தாலும் குழுவுல போடும்மா!" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அடுத்த கதவில் அந்தக் குரலும் இல்லை. அவள் வீட்டுக் கதவை மணிமொழியன் சாவகாசமாகத் திறந்தான்.

"என்ன கோதை, இப்பவே வந்துட்ட? ஒரு மடல் போட்டிருக்கலாம்ல?"

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "போட்டேன்! எல்லாரும் சாகப்போறீங்கன்னு போட்டேன். கட்டின பொண்டாட்டிக்கே கும்பிடு போட்டீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

எதிர்வீட்டுக் கதவு மெல்லத் திறந்தது. பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது. சாவு என்ற சொல் அவர்கள் காதில் ஏறவில்லை, சண்டை மட்டும் ஏறியது. பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தினாள்.

"மேற்குக் கூண்டுல ஒருத்திகிட்ட தினமும் குழைஞ்சு குழைஞ்சு பேசறீங்களே, அவ யாரு? வாங்க, அவ வாசல்லயே வச்சுக் கேட்கறேன்!"

"ஐயோ, எவடி? எனக்கு யாரையும் தெரியாதே!"

அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். வாய் ஓயவில்லை. இட்லித் தட்டோடு ஒருவர் பின்னால் வந்தார். சோப்பு நுரையும் துண்டுமாக ஒருவர் வந்தார். முட்டி வலிக்காரர் ஒருவரை மருமகன்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். "என்னவாம்?" "தெரியலை, வாங்க பார்ப்போம்." வேடிக்கை பார்க்க எந்தச் சட்டமும் வரம்பு போடவில்லை. கூட்டம் பின்தங்கியபோதெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கத்தினாள்.

கூட்டம் முழுக்க மேற்குக் கூண்டுக்குள் நுழைந்ததும், கிழக்கில் மூச்சு விடுகிறவர் இனி யாருமில்லை என்று அவள் மணிக்கட்டிலிருந்த மூச்சளவி காட்டியது. அடைப்புக் கதவை ஓங்கிச் சாத்தினாள். சற்றைக்கெல்லாம் அந்தப் பக்கம் கூரை வெடித்துச் சிதறியது. தங்கள் வீட்டுச் சாமான்கள் செந்தூசியில் பறந்து போவதைக் கண்ணாடி வழியே எல்லோரும் பார்த்தார்கள். பூங்கோதை தரையில் சரிந்து உட்கார்ந்து விம்மினாள். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், அவள் புருஷனும் இருந்தான்.

சங்கச் செயலாளருக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "இவ்வளவு பெரிய விஷயம். குழுவுல ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?"

பலரும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

"அது கிடக்கட்டும் சார்" என்றார் துண்டுக்காரர், கூட்டத்தை விலக்கி முன்னால் வந்து. "ஏம்மா, அந்தப் பொம்பளை யாருன்னு சொல்லாமலே நிறுத்திட்டியே?"

காலையிலிருந்து அவள் சொன்ன ஒரு வார்த்தையையும் காதில் வாங்காத முந்நூறு பேரும், மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள்.